திருத்த முடியாத பிழைக்கு யார் அதிகாரி?

“ஆக, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்ல நீயே வேணும்னு ஒரு கோளாறு உண்டாக்கப் போற. அதுக்கு நாங்க கையெழுத்துப் போடணும். அதான தம்பி?” என்று கேட்டார் இணை இயக்குநர் சுப்புரத்தினம்.

சித்தார்த் கையிலிருந்த கோப்பைத் திரும்பப் புரட்டினான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் சிக்கல்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிக் கட்டடம். அதில் வெள்ள முன்னெச்சரிக்கைக் கணினி மையம். கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள், ஐந்து டம்ளர் டீ இருந்தது.

மையத்தின் வேலை எளிது. லால்பேட்டைப் பக்கம் மதகில் ஒரு கருவி தண்ணீர் மட்டத்தை அளந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும். அதை ஒரு சர்வர் வாங்கிக் கணக்குப் போடும். மட்டம் எல்லை தாண்டினால் கீரப்பாளையம் பக்கத்துக் காலனிகளில் பள்ளிக்கூட மாடியில் வைத்திருக்கிற சங்கு தானாக ஊதும். சர்வர் இருப்பது சிதம்பரத்தில், ஒரு வாடகைக் கட்டடத்தில். அதிகாரிகள் இருப்பது கடலூரில். அவர்களில் யாரும் அந்த சர்வரை நேரில் பார்த்ததில்லை. கோப்பில் பார்த்திருக்கிறார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் அந்த சங்கு ஊதவில்லை. சர்வரின் மெமரியில் ஒரே ஒரு இடத்தில் கோளாறு. அதைத் தொட்டதும் மொத்த மெஷினும் அப்படியே உறைந்து நின்றது. ஆறு மணி நேரம் நின்றது. அதற்குள் தண்ணீர் காலனிக்குள் புகுந்து சித்தார்த்தின் அக்கா வெண்மதி வீட்டில் இடுப்பளவு ஏறிவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு தப்பித்தார்கள். மூன்று ஆடு போயிற்று.

மறுநாள் வெண்மதி போனில் கேட்டது சித்தார்த்துக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“உன் மெஷினு ஏன்டா ஊதல?”

“மெமரில ஒரு எடத்துல கோளாறுக்கா.”

“ஒரு எடத்துல கோளாறுன்னா மொத்தமா படுத்துக்குமா? எனக்குப் பல்லு வலிச்சா நான் சோறாக்காம இருக்கனா?”

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினான். கெட்டுப்போன இடம் தெரிந்ததும் அதை மட்டும் வேலி போட்டு ஒதுக்கிவிட்டு மிச்ச மெமரியில் வேலையைத் தொடர வேண்டும். அது இரண்டாம் பகுதி. சரி, அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெமரி எப்போது கெடும் என்று வாய்பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நாமே ஒரு இடத்தில் கோளாறை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அது முதல் பகுதி. உலகம் பூராவும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆனால் உலகம் பூராவும் சுப்புரத்தினம் இல்லை.

அவன் எழுதியது கெர்னலுக்குள். இங்கே அதைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷினுக்கும் மற்ற மென்பொருளுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஆதார மென்பொருள் அது. இலவசமாகக் கிடைக்கும். சொந்தக் கெர்னல் வைத்துக்கொள்வது அந்த வருஷத்து மோஸ்தர். மேலிடத்தில் ஒருவர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்து, நமக்கென்று ஒன்று வேண்டும் என்றார். ஆகவே இலவசமாகக் கிடைத்ததை எடுத்து, ‘கெடிலம்’ என்று பெயர் மாற்றி, திரையில் கெடிலம் ஆற்றின் படத்தைப் போட்டு, முழுக்க முழுக்க உள்ளூர்த் தயாரிப்பு என்று அறிவித்தார்கள். அதே ஆள் வெளிநாட்டில் இன்னொன்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே கெர்னலில் ஒரு வரி மாற்றினாலும் பலபேர் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வார்களாம். உடனே சுற்றறிக்கை வந்தது. இனி எந்த மாற்றமானாலும் ஐவர் மறுஆய்வுக் குழு கையெழுத்திட்ட பிறகே சேர்க்கப்பட வேண்டும்.

ஐவரில் முதலாமவர் சுப்புரத்தினம். வேறு ஏதோ துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. இரண்டாமவர் கண்காணிப்பாளர் அன்னபூரணி. அவர் கைக்குப் போன கோப்பு தொலைந்ததில்லை, அவசரப்பட்டதும் இல்லை. மூன்றாமவர் ஆலோசகர் ராஜகணேஷ். சிதம்பரம் மேலவீதிக்காரர், பெங்களூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், இருந்ததை மறக்கவிடாதவர். நான்காமவன் சித்தார்த், ஒப்பந்தப் பொறியாளர். ஐந்தாவது பதவி மூன்று வருஷமாகக் காலி. அதனால் அந்த இடத்தையும் சுப்புரத்தினமே ‘பொறுப்பு’ என்று போட்டுப் பார்த்துக்கொண்டார். ஐந்தாவது டீயும் அவருக்குத்தான்.

இரண்டாம் பகுதி, அதாவது மெஷினைக் காப்பாற்றுகிற பகுதி, முதல் நாளே ஐந்து கையெழுத்தோடு நிறைவேறியது. நானூறு வரி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் தலைப்பில் ‘பிழை’ என்ற சொல் இல்லை. அன்னபூரணி மட்டும் பக்க எண் போடச் சொன்னார்.

முதல் பகுதியில்தான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அதன் தலைப்பு, ‘வன்பொருள் பிழையை உட்செலுத்துதல்’.

நம் கோப்பில் பிழை என்ற சொல் இருந்தால் தணிக்கைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார் அன்னபூரணி. வேறு சொல் போடு. சித்தார்த் ‘கோளாறு’ என்று மாற்றினான். அது இன்னும் மோசம் என்றார். கடைசியில் ‘எதிர்பாராத சரி’ என்று முடிவானது. இரண்டாவது வடிவம் தயார்.

ராஜகணேஷுக்கு அடிப்படையே பிடிக்கவில்லை. எதிர்மறையான எண்ணத்தோடு ஒரு மெஷினை அணுகக்கூடாது என்றார். பெங்களூரில் இப்போது யாரும் இப்படிச் செய்வதில்லை என்றார்.

“ப்ரோ, ஏன் பிழையை உள்ள செலுத்தணும்? வெற்றியை உள்ள செலுத்துங்க. மெஷின் தானா ஜெயிச்சிட்டுப் போகும்.”

“வெற்றியை எப்படி சார் மெமரில எழுதறது?”

“அது உங்க டெக்னிக்கல் டீட்டெயில்.”

இதை ஒருவரும் மறுக்கவில்லை. சித்தார்த் ஒரு ஓரத்தில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்தில் காட்டுகிற ஆறு வரியைச் சேர்த்தான். அது மூன்றாவது வடிவம். அந்த ஆறு வரிக்குப் பாராட்டு வந்தது.

நான்காவது வடிவத்தில் சுப்புரத்தினம் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதே காகிதத்தில் கீழே, ஐந்தாவது இடத்தில், ‘பொறுப்பு’ என்ற முறையில் விளக்கம் கேட்டிருந்தார். மேலே போட்டவரும் கீழே போட்டவரும் ஒருவர்தானே சார் என்று சித்தார்த் கேட்டான். ஆள் ஒன்றுதான், பதவி இரண்டு என்று விளக்கினார் அவர். இணை இயக்குநருக்குத் திருப்தி, ஆனால் பொறுப்பு அதிகாரிக்குச் சந்தேகம் இருக்கிறது. பொறுப்பு அதிகாரியிடமிருந்து இணை இயக்குநருக்குக் கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. கோப்பு ஒரே மேசையில், இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போனது.

ஆடி போயிற்று. வெண்மதி வாரம் ஒரு தடவை போன் செய்தாள். மழைக்கு முன்னாடி முடிச்சிருவியாடா என்று கேட்பாள். முடிச்சிருவேன்க்கா என்பான். அவனுக்கே அந்தக் குரலைக் கேட்கச் சகிக்காது.

ஆறாவது வடிவத்தில்தான் அந்தப் பெரிய கேள்வி எழுந்தது. மெமரிப் பிழைகளில் இரண்டு வகை. ஒன்று திருத்தக்கூடியது, மெஷின் தானே சரிசெய்துகொள்ளும். இன்னொன்று திருத்த முடியாதது. போன வருஷம் வந்தது இரண்டாம் வகை. இதை சித்தார்த் சாதாரணமாகத்தான் சொன்னான். அன்னபூரணி பேனாவைக் கீழே வைத்தார்.

“தம்பி, ரெண்டையும் ஒரே ஆளு பண்ணலாமா?”

“யாரு வேணா பண்ணலாம் மேடம். ஒரு கட்டளைதான்.”

“அதெப்படி. அதிகாரப் பகிர்வுன்னு ஒண்ணு இருக்கில்ல.”

இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஆணை வெளியானது. திருத்தக்கூடிய பிழைகளைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர்கள் செய்யலாம். திருத்த முடியாத பிழைகளைச் செய்யும் அதிகாரம் இணை இயக்குநருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டுமே உண்டு. ஒப்பந்தப் பணியாளர்கள் எந்தப் பிழையும் செய்யக்கூடாது. இந்த ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். மனு கொடுக்க வந்த ஜனங்கள் நின்று படித்துவிட்டு, புதுசா என்ன இருக்கு என்பதுபோலப் போனார்கள்.

ஒன்பதாவது வடிவம். முன்னறிவிப்பு இல்லாமல் பிழை வருவது முறையல்ல என்றார் சுப்புரத்தினம். ஒரு ஊழியர் மேல் நடவடிக்கை எடுப்பதானாலும் முதலில் நோட்டீஸ் கொடுக்கிறோம், மெஷினுக்கு மட்டும் ஏன் திடீரென்று? ஆகவே எந்த இடத்தில் பிழை வரப்போகிறது என்பதைப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்பே கெர்னலுக்குத் தெரிவிக்க வேண்டும். சித்தார்த் அப்படியே எழுதினான். நோட்டீஸ் வந்ததும் கெர்னல் அந்த இடத்தில் இருந்ததையெல்லாம் பத்திரமாக வேறிடத்துக்கு மாற்றி, காலி செய்து, காத்திருந்தது. பிழை வந்து காலி இடத்தில் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

“பாத்தியா, மொறையா செஞ்சா எப்படி வருது,” என்றார் சுப்புரத்தினம்.

நிஜப் பிழை நோட்டீஸ் கொடுத்துவிட்டு வராது சார் என்றான் சித்தார்த். அப்படி வராவிட்டால் அது பிழையின் தவறு, நம் தவறில்லை என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் அவன் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியது. வாயை மூடிக்கொண்டு பத்தாவது வடிவத்தை எழுதினான்.

பதினோராவது வடிவம் ஐந்து கையெழுத்தும் பெற்றது. அப்போது புரட்டாசி முடியப்போகிறது. இதைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட மனம் வரவில்லை அவர்களுக்கு. சிதம்பரத்தில் விழா வைத்தார்கள். ‘எதிர்பாராத சரி தொடக்க விழா’ என்று பேனர். சர்வர் அறைக்கு வாழைமரம் கட்டினார்கள். சர்வருக்குச் சந்தனம் வைக்கப் போனவரை சித்தார்த் ஓடிப்போய்த் தடுத்தான். ராஜகணேஷ் ‘பிழையில்லா மாவட்டம்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டுகளை எல்லாருக்கும் கொடுத்தார். சுப்புரத்தினம் பட்டனை அழுத்தத் தயாரானபோது அன்னபூரணி சித்தார்த்தைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியவங்க வந்திருக்கிற நேரத்துல எதுக்கு ரிஸ்க்கு தம்பி, பட்டனை எதோடயும் சேர்க்காம வெச்சிரு, பச்சை மட்டும் எரியட்டும் என்றார்.

சித்தார்த் அப்படியே செய்தான். பச்சை எரிந்தது. கைதட்டினார்கள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அவன் சாப்பிடப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னுடைய பழைய முதல் வடிவத்தை எடுத்து, நோட்டீஸ் இல்லாமல், வெற்றி இல்லாமல், நிஜமான, திருத்த முடியாத பிழை ஒன்றை மெமரியில் இறக்கினான். ஆணைப்படி அவனுக்கு அந்தத் தகுதி இல்லை.

மெஷின் உறைந்தது.

போன வருஷம் போலவே, அச்சு அசலாக. மெஷினைத் திரும்பக் கிளப்பிவிட்டு, அந்த நானூறு வரியை மேலிருந்து கீழே படித்தான். ஐந்து கையெழுத்து விழுந்த நானூறு வரி. தப்பு முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் இருந்தது. கெட்ட இடத்தை ஒதுக்கிய கையோடு, கெர்னல் அந்தக் கெட்ட இடத்திடமே ‘ஒதுங்கிவிட்டாயா’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. அது எப்படிப் பதில் சொல்லும்? எழுதியவன் சித்தார்த். மறுஆய்வு செய்து ‘படித்தேன், சரி’ என்று போட்டவர்களில் அவனும் ஒருவன். வேறு யாரையும் திட்ட வழியில்லை.

வரியை மாற்றினான். திரும்பப் பிழையை இறக்கினான். மெஷின் ஒரு கணம் தயங்கியது, அந்த இடத்தை ஒதுக்கியது, ஓடியது. மறுபடி இறக்கினான். ஓடியது. ஏழு தடவை செய்து பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அங்கே பாயசம் தீர்ந்திருந்தது. மறுநாள் கடலூரில் அந்தத் திருத்தத்தை ‘எழுத்துப்பிழை சரிசெய்தல்’ என்று எழுதி நீட்டினான். எழுத்துப்பிழைக்கு ஒரு கையெழுத்து போதும். சுப்புரத்தினம் போட்டார்.

கார்த்திகை முதல் வாரம், ஒரு பிற்பகல். மூன்று நாளாக மழை. லால்பேட்டைக் கருவியில் மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டே முக்காலுக்கு சர்வரின் மெமரியில் நிஜமாகவே ஒரு இடம் கெட்டது. நோட்டீஸ் ஏதும் வரவில்லை. மெஷின் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தது: ‘மெமரியில் திருத்த முடியாத பிழை, அந்த இடம் விலக்கப்பட்டது, பணி தொடர்கிறது.’ மூன்று பத்துக்கு சங்கு ஊதியது. ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தபோது காலனியே பள்ளிக்கூட மாடியில் இருந்தது.

“இந்த தடவ ஆடுங்களும் மேல ஏறிடிச்சிடா,” என்றாள் வெண்மதி. பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது. சித்தார்த் போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மையத்தின் பெயர் மாநில விருதுக்குப் போயிற்று. விருதின் பெயர் ‘முழுமையான பிழையின்மை’. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, சர்வரின் பதிவேட்டை வரிக்கு வரி படித்துப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. அந்தப் பதிவேட்டில்தான் அந்த ஒரு வரி.

சுப்புரத்தினம் அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதுவே முதல் தடவை.

“அந்த வரியை எடுத்துடு தம்பி. அஞ்சு மணிக்குள்ள.”

“சார், அந்த வரி இருந்தாத்தான் கெட்டுப்போன மெமரியை மாத்தித் தருவாங்க. ஆதாரம் இல்லாம கோப்பு நகராதுன்னு மேடமே திருப்பி அனுப்பிட்டாங்க.”

“மெமரியை அப்பறம் மாத்திக்கலாம். விருது அப்பறம் வருமா?”

அன்னபூரணியும் ஆமாம் என்றார். விருது வாங்கிய மெஷினில் பிழை என்று எந்தக் கோப்பிலும் இருக்கக்கூடாது என்றார். ராஜகணேஷ், ஒரே ஒரு வரிதானே ப்ரோ, அது போனால் டேட்டா இன்னும் சுத்தமாக இருக்கும் என்றார்.

நாலரைக்குப் போன் வந்தது. வெண்மதியின் வீட்டுக்காரர் பொன்னுரங்கம். மச்சான், விருது வந்தா நம்ம காலனி வாய்க்காலுக்குப் பாலம் தர்றதா உங்க ஆபீசுலேருந்து சொல்லியிருக்காங்களாம், நீதான் ஏதோ ஒரு வரியைப் புடிச்சி வெச்சிக்கிட்டு மாட்டேங்கிறியாமே என்றார். ஊரே பக்கத்தில் நிற்பது குரலில் தெரிந்தது. வெண்மதி போனைப் பிடுங்கினாள்.

“ஒரு வரிதானடா. அழிச்சிட்டுப் போயேன்.”

“அக்கா, அதை அழிச்சா அந்த மெமரியை மாத்தமாட்டாங்க. இன்னும் நாலு எடம் கெட்டா அடுத்த வருசம் சங்கு ஊதாது.”

அவள் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

“அடுத்த வருசம்தான் பாலம் இருக்குமேடா,” என்றாள்.

சித்தார்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தான். அது நீல நிறமானது. நாலு ஐம்பத்தைந்து.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வந்தது. ஐந்து பேர். சர்வர் அறையில் ஏசி நன்றாக இருக்கிறது என்றார்கள். பதிவேட்டின் அச்சுப்பிரதி ஒவ்வொரு பக்கத்திலும், ‘முழுமையாகப் படித்தேன், பிழை ஏதுமில்லை’ என்று எழுதி ஐவரும் கையெழுத்திட்டார்கள். விருது வந்தது. வெண்மதி அந்த வாரமே பாலத்துக்கு இடம் அளக்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தாளாம்.

கேடயத்தை வரவேற்பறையில் வைத்த அன்று சுப்புரத்தினம் எல்லார் முன்னிலையிலும் சித்தார்த்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்கிற பையன் என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரை எழுதியாயிற்று என்றார். அன்னபூரணி தலையாட்டினார். ராஜகணேஷ் படம் எடுத்தார்.

சித்தார்த் நன்றி சார் என்றான். அச்சுப்பிரதியின் நாற்பத்தோராம் பக்கத்தில், ஐந்து கையெழுத்துக்கு ஒரு விரல்கடை மேலே, அந்த வரி இருக்கிறது. அவன் அழிக்கவில்லை.